மசக்கையில் புளிப்பு சரி, பச்சரிசியும் மண்ணும் எதற்கு?

உங்கள் தங்கைக்கு ஐந்தாம் மாதம். மூன்றாம் மாதம் வரை மாங்காய், புளி, ஊறுகாய் என்று கேட்டவள் இப்போது போகும்போதும் வரும்போதும் அரிசி டின்னைத் திறந்து பச்சரிசியை அள்ளி மெல்கிறாள். தூறல் விழுந்தால் மண் வாசனைக்கு வாசலில் போய் நிற்கிறாள். சுவரோரம் இருந்த மண்கட்டியை உடைத்து வாயில் போட்டதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். அவளுடைய மாமியார், "கேட்டதைக் கொடுங்க, இல்லேன்னா பிள்ளைக்குக் காதுல சீழ் வடியும்" என்கிறார். கணவர் அசிங்கம் என்று திட்டுகிறார். உடம்புக்கு எது குறைகிறதோ அதைத்தான் வாய் கேட்கிறதா, அப்படியானால் தடுக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

மகப்பேறு பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறவள் என்ற முறையில், செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு பேசலாம். இந்த வாரமே அவளை அழைத்துப் போய் ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் பாருங்கள். பார்க்கும் செவிலியரிடமோ டாக்டரிடமோ "பச்சரிசி தின்கிறாள், மண் தின்கிறாள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் மறைப்பதால்தான் பல பெண்களுக்கு வைத்தியம் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகிறது. அதுவரை அவளை யாரும் திட்ட வேண்டாம். திட்டினால் அவள் நிறுத்தப் போவதில்லை, ஒளிந்து தின்பாள்.

மசக்கை என்ற ஒரே பேரில் நம் வீடுகளில் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். புளிப்பு, காரம், இனிப்பு, ஏதோ ஒரு கடையின் பஜ்ஜி என்று சாப்பாட்டுப் பொருளின் மேல் வரும் ஆசை ஒன்று. மண், சாம்பல், பலப்பம், பச்சரிசி, ஐஸ்கட்டி என்று சாப்பாடு அல்லாததையோ வேகாததையோ மெல்லத் தோன்றுவது இன்னொன்று. முதலாவது பெரும்பாலும் வரும், போகும். இரண்டாவது வந்தால் ரத்தம் பார்த்தே ஆக வேண்டும்.

முதலாவதைப் பற்றிக் கொஞ்சம். கடைசி மாதவிலக்கிலிருந்து எண்ணினால் ஆறாவது வாரம் வாக்கில் குமட்டல் தொடங்கும், ஒன்பது பத்தாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும், நான்காம் மாதம் முடிவதற்குள் பெரும்பாலோருக்கு அடங்கிவிடும். வெகுகாலம் இதற்கு எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனை மட்டும் கைகாட்டிக் கொண்டிருந்தார்கள். 2023 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு ஜி.டி.எஃப்.15 என்ற இன்னொரு ஹார்மோன் பக்கம் வெளிச்சம் காட்டியது. கருவிலிருந்து இது தாயின் ரத்தத்துக்கு வருகிறது, மூளையில் குமட்டலைத் தூண்டும் இடத்தைத் தொடுகிறது. கர்ப்பத்துக்கு முன்பு யாருடைய உடம்பில் இது மிகக் குறைவாக இருந்ததோ அவர்களுக்குத் திடீரென்று ஏறும்போது வாந்தி கடுமையாகிறது. தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு உள்ள பெண்களுக்கு இயல்பிலேயே இந்த ஹார்மோன் அதிகம், அவர்களுக்கு மசக்கை வாந்தி மிகக் குறைவு. ஆகவே வாந்தி எடுக்கும் பெண்ணைப் பார்த்து "பாவனை பண்ணுறா" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு உடலுக்குள்ளேயே கணக்கு இருக்கிறது.

அந்த நாட்களில் வாயில் ஒரு இரும்பு ருசி ஒட்டிக்கொண்டே இருக்கும். எச்சில் ஊறும். மூக்கு கூர்மையாகி, நேற்று வரை பிடித்த தாளிப்பு வாசனை இன்று வயிற்றைப் புரட்டும். ஒரு துண்டு மாங்காயோ நெல்லிக்காயோ கடித்தால் அந்தக் கெட்ட ருசி சற்று நேரம் அமுங்கும். புளிப்பு கேட்பதில் பெரும்பகுதி இவ்வளவுதான். இஞ்சித் துண்டு, எலுமிச்சை சாறு எல்லாமும் உதவும். இஞ்சி குமட்டலைக் குறைப்பதற்குச் சோதனைகளில் ஆதாரமும் இருக்கிறது. ஆனால் ஐந்து, ஆறு மாதம் தாண்டிய பிறகு அதே ஊறுகாயும் புளிக்குழம்பும் நெஞ்செரிச்சலைக் கொண்டுவரும். கர்ப்பத்தில் இரைப்பையின் மேல்வாய் தளர்ந்துவிடும், கீழிருந்து கர்ப்பப்பை தள்ளும். அப்போது அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். உடம்புக்கு எது குறைகிறதோ அதை வாய் கேட்கும் என்று நம் பாட்டிகளும் சொன்னார்கள், சில வார இதழ்களும் எழுதுகின்றன. கேட்க அழகாக இருக்கிறது, கணக்கு மட்டும் ஒத்துவரவில்லை. அமெரிக்கப் பெண்களில் 50 முதல் 90 சதவீதம் பேருக்குக் கர்ப்பத்தில் ஏதாவது ஒரு சாப்பாட்டின் மேல் தனி ஆசை வருகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அங்கே அதிகம் கேட்கப்படுபவற்றில் ஒன்று சாக்லேட். நம்மூரில் புளியும் மாங்காயும். இரண்டு ஊரிலும் உடம்புக்குத் தேவையான சத்துகள் ஒன்றேதான். அவற்றுக்காகத்தான் வாய் கேட்கிறது என்றால் இரண்டு நாட்டுப் பெண்களும் கீரையும் முட்டையும் பருப்பும் கேட்டிருக்க வேண்டும். முருங்கைக்கீரை வேண்டும் என்று நள்ளிரவில் அழுத கர்ப்பிணியை நான் பார்த்ததில்லை. ஊரின் பழக்கம், சின்ன வயசில் ருசித்தது, அம்மா கை மணம், அந்த நேரத்து மனநிலை எல்லாம் சேர்ந்துதான் ஆசைக்கு ஒரு உருவம் கொடுக்கின்றன. நம் பழக்கமோ மிகப் பழசு. மழை மேகம் கனத்து மெல்ல நகர்வதை, பசும்புளிக்கு ஏங்கும் நிறைமாதப் பெண்களோடு சேர்த்துச் சொல்கிறது குறுந்தொகையின் 287ஆம் பாட்டு. அவ்வளவு காலமாக இங்கே கர்ப்பிணி என்றால் புளிதான்.

மண்ணும் அதே அளவு பழசு. புறநானூற்றின் 20ஆம் பாட்டு ஒரு சேர மன்னனின் நாட்டைப் புகழும்போது, அந்த மண்ணைக் கருவுற்ற பெண்கள் ஆசைப்பட்டு உண்பார்களே தவிரப் பகைவர் உண்ண முடியாது என்கிறது. கர்ப்பிணி மண் தின்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தியாக இருந்தால்தான் ஒரு புலவர் அதை அரசன் முன்னால் இவ்வளவு இயல்பாகச் சொல்ல முடியும். உங்கள் தங்கை செய்வது விசித்திரமும் இல்லை, அசிங்கமும் இல்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அவள் கணவரிடமும் சொல்லுங்கள். உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் கணக்கிட்டபோது, கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 28 சதவீதம் பேர் இப்படிச் சாப்பாடு அல்லாத ஏதோ ஒன்றைத் தின்கிறார்கள் என்று தெரிந்தது. தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் மண்ணும் பச்சரிசியும் தின்பதைப் பற்றியே கெய்ட்லின் பிளாசெக், எட்வர்ட் ஹேகன் என்ற இரண்டு மானுடவியலாளர்கள் தனியாக ஒரு ஆய்வு செய்து 2013இல் வெளியிட்டிருக்கிறார்கள்.

நான் கேட்டறிந்தவற்றைச் சொன்னால் பட்டியல் நீளும். அடுப்புச் சாம்பல், திருநீறு, செங்கல் பொடி, உடைந்த பானை ஓடு, கரையான் புற்று மண், சுவரில் உரிந்த சுண்ணாம்பு, சாக்பீஸ், பலப்பம், கரித்துண்டு, ஃப்ரிட்ஜில் உறைந்த ஐஸ். தின்னாமல் முகர்ந்து மட்டும் பார்க்கிறவர்களும் உண்டு: பெட்ரோல், பினாயில், துணி சோப்பு, புதுப் பெயிண்ட், மழை விழுந்த மண். முகர்கிறவர்கள் இதை ஒரு நோய்க்குறியாகவே நினைப்பதில்லை. ஆனால் இரும்புச் சத்து குறைந்தவர்களிடம் இந்த வாசனை ஏக்கமும் பதிவாகியிருக்கிறது. உங்கள் தங்கை தூறலுக்கு வாசலுக்கு ஓடுவதையும் டாக்டரிடம் சேர்த்தே சொல்லுங்கள்.

இரும்புக்கும் இதற்கும் என்ன உறவு? பல நாடுகளின் ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2015இல் பார்த்ததில், இப்படித் தின்கிறவர்களுக்கு ரத்தசோகை இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 2.4 மடங்கு என்று தெரிந்தது. துத்தநாகமும் அவர்களிடம் குறைவாக இருந்தது. "அப்படியானால் இரும்புக்காகத்தான் உடம்பு மண்ணைக் கேட்கிறது, பாட்டி சொன்னது சரிதானே" என்று நீங்கள் கேட்கலாம். அங்கேதான் கவனிக்க வேண்டும். ஐஸ்கட்டியில் இரும்பே கிடையாது. தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. களிமண்ணில் இரும்பு இருந்தாலும் குடல் அதை எடுத்துக்கொள்வது அரிது. போதாததற்கு, சாப்பாட்டில் வரும் இரும்பையும் களிமண் தன்னோடு ஒட்டவைத்துக்கொண்டு வெளியே போய்விடும். ஆக, குறை இருப்பது உண்மை, அதன் அறிகுறியாக இந்த ஆசை வருவதும் உண்மை, ஆனால் ஆசைப்பட்ட பொருளைத் தின்பதால் குறை தீராது. சில சமயம் கூடும்.

மூளையில் எந்த இடத்தில் என்ன நடந்து இந்த ஆசை எழுகிறது என்பதற்கு ஒரே விளக்கம் இல்லை. ஐஸ் விஷயத்தில் மட்டும் தெளிவான ஒரு செய்தி உண்டு. ரத்தசோகை உள்ளவர்கள் ஐஸ் மென்றால் கவனமும் விழிப்பும் சற்று நேரம் கூடுகிறது, சோகை இல்லாதவர்களுக்கு அப்படி எதுவும் மாறுவதில்லை என்று 2014இல் ஒரு சோதனை காட்டியது. இரும்பு கொடுக்கத் தொடங்கினால் ஐஸ் ஆசை பல நேரம் சில நாட்களிலேயே, ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்பே, விட்டுப்போகிறது. மண் அவ்வளவு சுலபமாக விடுவதில்லை. சாம்பியா நாட்டின் லுசாகாவில் மண் தின்னும் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரும்பு கொடுத்துப் பார்த்தார்கள், இரும்பினால் மட்டும் அந்தப் பழக்கம் குறையவில்லை. குமட்டலும் வயிற்று எரிச்சலும் உள்ளவர்களுக்குக் களிமண் குடலின் உள்ளே படிந்து இதமாக இருக்கிறது என்பது இன்னொரு விளக்கம். கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணை வயிற்றுப்போக்கு மருந்தில் சேர்த்த காலம் உண்டு. எனவே மாத்திரை தொடங்கிய மறுவாரமே உங்கள் தங்கை மண்ணைத் தொடாமல் இருப்பாள் என்று எதிர்பார்க்காதீர்கள். ரத்தம் ஏறும், அந்த ஆசை மெதுவாகத் தணியும்.

கர்ப்பத்தில் இரும்பு ஏன் இவ்வளவு குறைகிறது என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். தாயின் ரத்தத்தின் அளவு 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. அதில் நீர்ப்பகுதி அதிகமாகவும் சிவப்பணு குறைவாகவும் கூடுவதால் எல்லோருக்குமே ஹீமோகுளோபின் சற்று இறங்கும். புது சிவப்பணுக்கள், குழந்தை, நஞ்சுக்கொடி, பிரசவத்தில் போகும் ரத்தம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கர்ப்பத்துக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். கர்ப்பத்துக்கு முன்பே கையிருப்பு இல்லாத பெண்ணுக்கு இது எங்கிருந்து வரும்? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம். இந்த இரண்டாவது எண்தான் என்னை அதிகம் வருத்துகிறது. "பச்சரிசி தின்னாதே, கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும்" என்று வயசுப் பெண்ணைப் பார்த்துச் சொல்லி விட்டுவிடுகிறோம். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கே ரத்தம் பார்த்திருக்க வேண்டும். உங்கள் தங்கையிடம் கேட்டுப்பாருங்கள், கல்யாணத்துக்கு முன்பே அரிசி மென்றிருப்பாள். மாதவிலக்கில் அதிகம் ரத்தம் போனதா என்றும் கேளுங்கள்.

தின்பதால் வரும் கெடுதல் பொருளுக்குப் பொருள் மாறும். மண்ணில் வட்டப்புழுவின் முட்டைகள் இருக்கலாம். புழு சேர்ந்தால் சத்து மேலும் போகும். அதைவிட நான் பயப்படுவது ஈயத்துக்கு. சாலையோர மண்ணிலும் பழைய பெயிண்ட் உதிரும் சுவரிலும் ஈயம் கலந்திருக்கலாம், அது நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் மூளைக்குப் போகும். வங்கதேசத்தில் கர்ப்பிணிகள் தின்னும் சுட்ட களிமண் பிரிட்டன் கடைகளில் விற்கப்பட்டபோது, ஈயமும் ஆர்செனிக்கும் இருப்பதாகச் சொல்லி அங்குள்ள உணவுத் தர நிறுவனம் எச்சரித்தது. சுட்டுவிட்டால் கிருமி சாகும், ஈயம் போகாது. தின்பதற்கென்றே இப்போது இணையத்தில் பலப்பமும் மண்கட்டியும் பாக்கெட்டில் வருகின்றன. "சுத்தமானது" என்று எழுதியிருப்பதை நம்பி வாங்கிக் கொடுக்காதீர்கள். திருநீறு இன்று எதில் செய்யப்படுகிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. கற்பூரத்தை நக்கும் பழக்கம் இருந்தால் அன்றைக்கே நிறுத்த வேண்டும், அது விஷம். கொஞ்சம் போனாலும் வலிப்பு வரலாம்.

பச்சரிசி இவற்றோடு ஒப்பிட்டால் ஆபத்து குறைவு. ஆனால் கைப்பிடி கைப்பிடியாகப் போனால் பல் தேயும், மலச்சிக்கல் வரும், வயிறு நிறைந்துபோய் மதியச் சாப்பாடு இறங்காது. இப்படித்தான் ரத்தசோகை அரிசியைக் கேட்கவைத்து, அரிசி சாப்பாட்டைத் தள்ளி, சோகை இன்னும் கூடுகிறது.

இனி வைத்தியம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. 10 முதல் 10.9 லேசானது, 7 முதல் 9.9 நடுத்தரம், 7க்குக் கீழே கடுமையானது. அரசுத் திட்டப்படி எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒரு சிவப்பு மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்டது, 180 நாட்களுக்குத் தர வேண்டும். லேசான, நடுத்தர சோகை இருந்தால் தினம் இரண்டு. நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் பூச்சி மாத்திரையும் ஒரு தடவை தருவார்கள். உங்கள் தங்கைக்கு ஐந்தாம் மாதம் என்பதால் இந்நேரம் மாத்திரை கைக்கு வந்திருக்கும். வாங்கியிருக்கிறாளா என்று கேட்காதீர்கள், விழுங்குகிறாளா என்று கேளுங்கள். அலமாரியில் அட்டை அட்டையாகச் சேர்ந்திருக்கும் மாத்திரைகளை நிறைய வீடுகளில் காணலாம். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு கட்டுகிறது என்று நிறுத்திவிடுவார்கள். மலம் கறுப்பது இரும்பினால், பயப்பட ஒன்றுமில்லை. குமட்டினால் இரவு படுக்கும் முன் போடலாம். கட்டினால் தண்ணீரும் கொய்யாவும் கீரையும் கூட்டலாம். அப்படியும் முடியாவிட்டால் வேறு வகை மாத்திரையோ நரம்பு வழி ஊசியோ இருக்கிறது, டாக்டரிடம் கேட்டால் மாற்றித் தருவார்.

மாத்திரையைவிட அதை எதனோடு போடுகிறோம் என்பதில்தான் பாதி பலன் போய்விடுகிறது. டீ, காபியோடு இரும்பு ஒட்டாது, முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையை அதே வேளையில் போடக் கூடாது, இரண்டு மணி நேரம் தள்ளியே போட வேண்டும். ஒரு டம்ளர் எலுமிச்சை சாற்றோடோ ஒரு பெரிய நெல்லிக்காயோடோ போட்டால் நன்றாக ஏறும். உங்கள் தங்கையின் புளிப்பு ஆசையை இங்கே நல்லபடியாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஒழுங்காகப் போட்டும் ஏறவில்லை என்றால் பி12 குறைவா, தலசீமியா கூறு உண்டா என்று மேல் பரிசோதனை வேண்டும். அந்தக் கேள்வியை நீங்களே எழுப்பத் தயங்காதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறவைக்கும் என்று பீட்ரூட்டும் மாதுளையும் வாங்கிக் குவிக்கிறோம். இரண்டிலும் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. நாலைந்து பேரீச்சம்பழத்தில் கிடைப்பது அதிகம் போனால் ஓரிரு மில்லிகிராம், ஒரு மாத்திரையில் 60. பழம் நல்லதுதான், மாத்திரைக்கு மாற்றாகாது. அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) அருமையான பொருள், அதிலுள்ள இரும்பு எளிதில் ஒட்டும். நன்றாக வேகவைத்து வாரம் ஒருமுறை கொடுங்கள். ஈரலும் நல்லதே, ஆனால் அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், முதல் மூன்று மாதத்தில் வேண்டாம். சைவத்தில் முளைகட்டிய பயறு, கொள்ளு, எள், முருங்கைக்கீரை. கூடவே ஏதாவது ஒரு புளிப்புப் பழம்.

வாய்க்கு என்ன கொடுப்பது? மெல்லும் ஆசை ஒரேயடியாக அடங்காது. பச்சரிசி கேட்டால் பொரி, அவல் வறுத்தது, பொட்டுக்கடலை, வறுத்த வேர்க்கடலை என்று மொறுமொறுப்பாக ஒன்றைச் சின்ன டப்பாவில் போட்டு அவள் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். அரிசி டின்னை உயரத்தில் ஏற்றுங்கள். மண் வாசனை ஏக்கத்துக்குப் புது மண்பானையில் தண்ணீர் ஊற்றிவைத்துக் குடிப்பது சிலருக்குப் போதுமானதாக இருக்கிறது. தண்ணீர் மட்டும் கொதித்து ஆறியதாக இருக்கட்டும், பானை பூச்சு, வர்ணம் எதுவும் இல்லாததாக இருக்கட்டும்.

இனி அந்த வீட்டைப் பற்றி. கேட்டது கிடைக்காவிட்டால் குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்பதில் உண்மை இல்லை. காதில் சீழ் கிருமியால் வருகிறது, அம்மா சாப்பிடாத ஜாங்கிரியால் வருவதில்லை. ஆனாலும் மாமியாரோடு இதற்காக மல்லுக்கு நிற்காதீர்கள் என்று சொல்வேன். மருமகள் வாய்திறந்து எதையும் கேட்க முடியாத வீடுகள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. அந்த வீடுகளில் அவள் உரிமையோடு "எனக்கு இது வேணும்" என்று சொல்லக் கிடைத்த சில மாதங்கள் இவை. அந்த நம்பிக்கை ஒரு காவலாக அவளைச் சுற்றி நிற்கிறது. வளைகாப்பில் புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று வகைவகையாகப் பரிமாறுவதும் ஆசை தீரட்டும் என்றுதான். அரசே அங்கன்வாடிகள் வழியாக சமுதாய வளைகாப்பு நடத்தி, ஏழைப் பெண்களுக்கும் வளையல் பூட்டிச் சாதம் போடுகிறது. எனக்கு இது மனசுக்கு நெருக்கமான திட்டம். ஆகவே மாமியாரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "கேட்டதைக் கொடுக்கலாம் அத்தை, மாங்காயோ முறுக்கோ எதுவா இருந்தாலும் கொடுக்கலாம். மண்ணு கேட்டா மட்டும் ரத்தம் குறைஞ்சிருக்குன்னு அர்த்தம், அப்போ மாத்திரை கொடுக்கணும்." அவர் உங்கள் பக்கம் வந்துவிட்டால் மாத்திரையை அவரே எடுத்துக் கையில் கொடுப்பார்.

கணவரிடம் இன்னும் நேராகப் பேசலாம். அவருடைய மனைவி தின்னும் மண் ஒரு நோயின் அறிகுறி, இருமலைப் போல. இருமலுக்காக யாரும் யாரையும் திட்டுவதில்லை. அவர் செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன: பரிசோதனைக்கு உடன் போவது, மாத்திரைக்கு நேரம் வைப்பது, கொறிக்கப் பொட்டுக்கடலை வாங்கிவைப்பது. அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்திருக்கிறாளா என்றும் அவர் பார்க்கட்டும். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களையும் சேர்த்து மொத்தம் 18,000 ரூபாய் வருகிறது. பெட்டகத்தில் இரும்பு டானிக்கும் உண்டு.

இனிப்பு ஆசை உங்கள் கேள்வியில் இல்லை, இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் சர்க்கரை ஏறுவது நம் பெண்களிடம் அதிகம். சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா இதற்காகவே பாடுபட்டவர். வெறும் வயிறா இல்லையா என்று பார்க்காமல் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு ரத்தம் எடுக்கும் முறையை அவர் முன்னெடுத்தார். 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. 2007இல் தமிழ்நாடு எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனையைக் கட்டாயமாக்கியது. உங்கள் தங்கை 24 முதல் 28 வாரத்துக்குள் இதை மறுபடி செய்துகொள்ள வேண்டும், இனிப்பு கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி. "ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்று தட்டை நிரப்புவதும் தேவையில்லை. கூடுதலாக வேண்டியது தினம் 350 கலோரி அளவில்தான்: ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம்.

தெருவோரப் பானிபூரி ஆசை வந்தால் மட்டும் நான் கண்டிப்பானவள். அந்தத் தண்ணீரில் வரும் ஹெப்படைட்டிஸ் ஈ மஞ்சள்காமாலை மற்றவர்களுக்குச் சில வாரங்களில் ஆறிவிடும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் நூற்றுக்கு 20, 25 பேர் வரை உயிரிழக்கக்கூடும். பூரியை வாங்கி வந்து வீட்டில் கொதித்து ஆறிய தண்ணீரில் புதினா, புளி கரைத்துக் கொடுங்கள், ஆசையும் தீரும். பப்பாளி நன்றாகப் பழுத்திருந்தால் பயமில்லை, பால் வடியும் காயைத்தான் தவிர்க்க வேண்டும். கறுப்புத் திராட்சை தின்றால் பிள்ளை கறுக்கும், குங்குமப்பூ குடித்தால் சிவக்கும் என்பதெல்லாம் நிறத்தைப் பற்றிய நம் வியாதி, கர்ப்பத்தைப் பற்றியதல்ல.

சில அறிகுறிகள் இருந்தால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காதீர்கள். நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குவது, உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடப்பது, உள்ளங்கையும் நாக்கும் வெளுத்திருப்பது, முகமும் காலும் வீங்குவது, மயக்கம். மண் தின்ற பிறகு வயிறு உப்பி மலம் கழியாமல் வலித்தால் அன்றே போக வேண்டும். சாப்பிட்டது, குடித்த தண்ணீர் எதுவும் தங்காமல் வாந்தி எடுத்து, சிறுநீர் குறைந்து, எடை இறங்கினாலும் அப்படியே.

பிரசவம் ஆனதும் மாத்திரையை விட்டுவிட வேண்டாம், அதன் பிறகும் 180 நாட்கள் தொடர வேண்டும். பிரசவத்தில் ரத்தம் போயிருக்கும், உள்ளே கையிருப்பு காலியாக இருக்கும். குழந்தை பிறந்து சில மாதம் கழித்து அவள் மறுபடி அரிசி டின்னைத் திறக்கத் தொடங்கினால், அவளோடு உட்கார்ந்து மாத்திரை அட்டையை எண்ணிப் பாருங்கள், அப்படியே இன்னொரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.